ஆற்றுவாய் உடைந்த காலை

கந்தப்பளையிலிருந்து சைக்கிளில் கிளம்பும்போது சர்மிளாவுக்கும் ஷிராணிக்கும் ஒரே ஆசைதான். கடலை ஒட்டி மணலில் ஓட்டவேண்டும். சர்மிளா தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். ஷிராணி நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், கொஞ்சம் மூத்தவள். இருவரும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் வளர்ந்தவர்கள்.

வலப்பனை வழியாக மலையை விட்டு இறங்கி, அம்பாறை தாண்டி, ஒருவழியாகத் திருக்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இரவு முழுக்க நல்ல மழை. காலையில் தூறலாகக் குறைந்ததும் சைக்கிள்களைக் கடற்கரைக்கு உருட்டினார்கள். ஷிராணி ஆரஞ்சு நிற ரெயின்கோட்டைப் போட்டிருந்தாள்.

முதலில் சக்கரம் அசையவே இல்லை. சர்மிளா இரண்டு தரம் விழுந்தாள். தங்கியிருந்த வீட்டு அம்மா சொன்னபடி டயரில் காற்றைக் குறைத்து, அலை நனைத்துவிட்டுப் போகும் இறுக்கமான மணலுக்கு வந்ததும்தான் சைக்கிள் ஓடியது. ஊரில் எந்தப் பக்கம் போனாலும் இறக்கம், பிரேக்கிலிருந்து விரலை எடுக்க முடியாது. இங்கே மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் தானாக நின்றுவிடுகிறது. அந்த வேடிக்கையில் சர்மிளா சிரித்துக்கொண்டே முன்னால் போனாள்.

இடது பக்கம் கடல். வலது பக்கம் மழைத்தண்ணீர் நிரம்பித் தளும்பும் களப்பு, கடலோரத்து ஏரி. நடுவே ஒரு மணல்திட்டு. திட்டின் குறுக்கே களப்பிலிருந்து கடலுக்கு வாய்க்கால்போல் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. கணுக்கால் அளவுகூட இல்லை. சர்மிளா அதில் தண்ணீர் தெறிக்க இறங்கி ஏறினாள்.

"ஷிராணிக்கா, வேகமா வாங்க! ஒண்ணுமே இல்ல!"

எதிரே வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "மகள், இஞ்சால வாங்க! ஆற்றுவாய் உடையுது!"

அவர் சொன்னது சர்மிளாவுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாய்க்கால் இருந்த இடத்தில் களப்புத் தண்ணீர் மணல்திட்டை உடைத்துக்கொண்டு ஒரு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கரையும் கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாக விழுந்தன. தண்ணீர் மணல் நிறத்தில் உறுமிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கண் முன்னால் அகலமாகிக்கொண்டே போனது.

அக்கரையில் ஒரு பெரிய துண்டு மணல் அப்படியே சரிந்தது. ஷிராணியின் சைக்கிள் தலைகீழாக உள்ளே போனது. அடுத்த நொடி, வெளியே பாய்ந்த தண்ணீரில் ஆரஞ்சு நிறம் ஒருமுறை மேலே வந்து, உருண்டு, அலைக்குள் போனது.

சர்மிளா சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினாள். அந்த மனிதர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்து மணலில் உட்காரவைத்தார். அவள் அவர் கையைக் கடித்தாள்.

"அது கோட்டு மகள், வெறும் கோட்டு! ஆள் அந்தா நிக்கிறா, பாருங்க!"

அவர் அவளுடைய முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். தூரத்தில், மேட்டு மணலில், சாம்பல் நிறச் சட்டையில் ஒருத்தி நின்றாள். கையைக்கூட அசைக்கவில்லை. அது ஷிராணிதான் என்று சர்மிளாவுக்கு நம்பிக்கை வர வெகுநேரம் ஆனது.

அவர் பெயர் இராமையா. கடித்த இடத்தில் ரத்தம் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு, களப்பைச் சுற்றிப் பாலம் வழியாக அக்கரைக்குக் கூட்டிப்போனார்.

ஷிராணி அதே மேட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. சர்மிளா கிட்டே போய் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தூறல் விட்டுச்சுன்னு கோட்டக் கழட்டி ஹேண்டில்ல கட்டுனேன்டி," என்றாள் ஷிராணி. குரல் யாருடையதோ போல இருந்தது. "தள்ளிக்கிட்டு வந்தேன். மணல்ல ஒரு வெடிப்பு ஓடுச்சு. நம்ம லயத்துக்குப் பின்னால ஓடுச்சே, அதே மாதிரி. பாத்ததும் சைக்கிள விட்டுட்டுப் பின்னால ஓடிட்டேன்."

போன பெருமழையில் அந்த வெடிப்பு வந்த மறுநாள்தான் லயத்தின் பின்பக்கம் சரிந்தது. எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்ததால் உயிர் தப்பினார்கள். மண் சரிவது மலையில் மட்டும்தான் என்று சர்மிளா நினைத்திருந்தாள்.

இராமையா தேத்தண்ணி வாங்கிவந்து இருவர் கையிலும் கொடுத்தார்.

அப்போது சர்மிளாவின் போன் அடித்தது. கந்தப்பளையிலிருந்து அவளுடைய அம்மா நாகலெட்சுமி. "என்னாடி, கடலப் பாத்தீங்களா?"

சர்மிளா போனை நீட்டினாள். ஷிராணி போனை வாங்கிக்கொண்டாள்.

"பாத்தோம் சித்தி," என்றாள். "ரெண்டு பேரும் கரையில உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறோம்."