முட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே

ஜோஷ்வா அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது மொத்தம் நாற்பத்தொரு மணி இருபது நிமிடம். நேரம் குறித்தவள் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கு சீட் செய்யும் கம்பெனி. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, தர சோதனைப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 2007 மே. புதிதாக வரப்போகும் பெரிய எஸ்.யு.வி.யின் டிரைவர் சீட்டை உயரமான ஆளை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆரம்பாக்கத்து ஜோஷ்வா ஆறடி மூன்றங்குலம். அந்த உயரத்துக்காகவே அவரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

தினமும் ஆறு மணி நேரம், தடா வரை போவதும் வருவதும். டிரைவருக்குப் பின்னால், நடு வரிசை சீட்டில் நான். என் முன்னால் காலை நீட்டிக்கொள்ள தாராளமாக இடம் இருந்தது. அந்த இடத்துக்காகத்தான் டிரைவர் சீட் நகரும் தடத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். கடைசி வரை பின்னால் தள்ளினாலும், பிரேக்குக்குக் காலைத் தூக்கும்போதெல்லாம் ஜோஷ்வாவின் முட்டி ஸ்டியரிங்கின் அடியில் இடித்தது.

"வண்டி யானை கணக்கா கீது. எனுக்கு மட்டும் பூனைக்கு உட்ட எடம்," என்பார்.

மணிக்கு ஒருமுறை ஓரம் கட்டி, முட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். முப்பது மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சீட் தேறாது. அளக்க வேண்டியவள் நான்தான். ஒரு ஆணின் முட்டியருகே கையைக் கொண்டுபோகக் கூச்சம்.

"இன்னா ஜபீன் மேடம், என் முட்டி கடிச்சிருமா?" என்று அவரே ஸ்கேலை வாங்கிக்கொண்டார். அவர் அளந்து சொல்வார், நான் பின்னாலிருந்து எழுதுவேன். முதல் நாளே அது வழக்கமாகிவிட்டது.

அன்று மாலை தாளை மேனேஜர் சுப்பராயன் சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"பெரிய வண்டி வாங்கறவன் ஓட்ட மாட்டான்மா. பின்னாடி உக்காருவான். டிரைவர் மடங்கிப்பான்."

அவர் சொன்னது அது மட்டுமில்லை. நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தான் வரும்.

ஏழாம் நாள் மதியம் கம்பெனி வாசலில் வண்டி நிற்கவில்லை. தூணில் மோதியது. வாட்ச்மேன் அருணாச்சலம் தாவித் தப்பினார். ஜோஷ்வா கதவைத் திறந்து இறங்கினார். வலது கால் ஊன்றவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மரத்துப்போச்சு. பிரேக்குக்குக் கால் வர்ல."

மறுநாள் விசாரணை. மேனேஜர், ஜோஷ்வா, நான்.

"தூங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. வேலையோட போயிடும். இல்லன்னா போலீஸ். லைசென்ஸும் போயிடும்," என்றார் சுப்பராயன்.

"தூங்கல சார். டெய்லி முட்டி இடிக்குது, கால் மரத்துப்போதுன்னு சொல்லிக்கினுதான் இருந்தேன். மேடத்தாண்ட கேளு சார்."

"எதுக்குக் கேக்கணும்? பேப்பர் இருக்கு." ஏழு தாள்களையும் மேஜையில் பரப்பினார். "அம்பது. அம்பத்திரண்டு. அம்பது. நீ அளந்து சொன்னது, மேடம் எழுதினது. இவ்ளோ எடத்துல கால் எப்படிடா மரக்கும்?"

ஜோஷ்வா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால் நான் தலைகுனிந்தே இருந்திருப்பேன். அவர் மெதுவாகப் பேனாவை எடுத்தார். நீளமான கால்கள் அந்தச் சின்ன மேஜைக்கடியிலும் மடங்கித்தான் இருந்தன.

என் கோட்டுப் பையில் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. எடுத்தேன். பயமில்லை, கோபம். ஸ்கேலைத் தாள்களின் மேல் வைத்து, அதில் ஒரு மில்லிமீட்டர் கோட்டின் மேல் விரலை அழுத்தினேன். என் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத இடம்.

"அவரு சொன்னது பன்னெண்டு சார். ஏழு நாளும் பன்னெண்டு, பதிமூணு. அம்பதுன்னு எழுதினது நான். நீங்க எழுதச் சொன்னீங்க."