பறவைக்கு முன்னால் ஒரு குரல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு குருவியைத் தேடிப் போனேன். குருவி கண்ணில் படவில்லை, இது காதில் விழுந்தது.

பறவை பார்க்கிறவர்களுக்கென்று நடத்தும் சுற்றுலா அது. முதல் பாதி கீழே மழைக்காட்டில், மறுபாதி மேலே, மேகம் மரங்களுக்குள்ளேயே குடியிருக்கும் காட்டில். நான் வாய் ஓயாத ஆள். ஒரு மரங்கொத்தியையும் இரண்டு இருவாச்சிகளையும் என் பேச்சாலேயே துரத்திவிட்ட பிறகு கைடு என்னிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "சார், பேசாம வந்தீங்கன்னா இன்னும் நாலு பறவை பாக்கலாம்." திரும்பும் வழியில் வேனின் முன்சீட்டில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மற்றவர்கள் தூங்கட்டும் என்று இருக்கலாம். அப்போதுதான், என்னைப் போலவே பேசித் தீர்த்த ஒருவர் சில வருஷங்களுக்கு முன்னால் வந்திருந்ததாகச் சொன்னார். ஃபோனை எடுத்து ஒரு பதிவையும் போட்டுக் காட்டினார்.

இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். அப்புறம் மிகக் கிட்டத்தில் ஓர் ஆண்குரல்: "ஏம்மா, கால் வலிக்குதா?" உடனே ஒரு பெண்குரல்: "ஷ்ஷ்ஷ்." அதன்பின் அந்தக் குருவி பாடியது. உள்ளங்கையில் அடங்கும் உடம்புக்கு அத்தனை நீளமான பாட்டு எப்படி வந்ததோ.

"அருமையான பாட்டு. இந்தாளு கெடுத்துட்டாரு," என்றார் கைடு. கெட்டுப்போன பதிவை இத்தனை நாள் ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்கள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கேள்வி பதிவில் இருக்கிறது, பதில் இல்லை. வீடு வந்து, பெட்டியைப் பிரித்து, ஈர பூட்ஸை வெயிலில் வைத்த பிறகும் அது என்னை விடவில்லை. அந்த அம்மாவுக்குக் கால் வலித்ததா, இல்லையா?

2

தொடக்கங்கள்.

"விடியலின் பொன்னொளியில் பசுமை போர்த்திய அந்த வனம்" [வேண்டாம். காலண்டருக்குக் கொடுத்துவிடலாம்.]

"மழைக்காட்டில் முதலில் வலிப்பது கழுத்து. பறவைகள் எல்லாம் உச்சாணிக் கிளையில் இருக்கும், பார்க்க வந்தவர்கள் எல்லாம் தரையில்" [இது பரவாயில்லை. ஆனால் கால்வலிக் கதையைக் கழுத்துவலியில் தொடங்கினால் வாசகர் மருந்துக் கடையைத் தேடுவார்.]

"அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, மறுபடி லேசாக மூடி, அதன் பிறகுதான் அவர் கையில் கொடுத்தாள்."

இது நின்றுவிட்டது. ஏன் தளர்த்திக் கொடுத்தாள் என்று யோசித்தபோதுதான் அவருக்கு வலது கை வராது என்று எனக்கே தெரிந்தது.

3

முதல் வரைவில் அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். அடித்துவிட்டேன். ஊரையே சும்மா இருக்கச் சொல்லும் உத்தியோகம் என்று நீங்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் தையலக்கா, நமக்கும் அப்படியே இருக்கட்டும். கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் வழியாகப் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவர், ஆகையால் பறவையின் பெயரையும் ஸ்டாப்பிங் பெயர் மாதிரியே சத்தமாகச் சொல்வார். முதல் தடவை இந்தச் சுற்றுலாவுக்கு வந்தபோது அவர் பெயர் சொல்லி முடிப்பதற்குள் பறவை இறங்கிப் போய்விட்டது.

வீட்டிலும் அப்படித்தான். தையல் மெஷின் ஒரு பக்கம் ஓட, இவர் ஒரு பக்கம் ஓடுவார். "கொஞ்சம் சும்மாதான் இருங்களேன்," என்று அவள் எத்தனை முறை சொன்னாளோ, கணக்கில்லை.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது சும்மா இருக்கிறார்.

அவருடைய சட்டைகளில் எல்லாம் அவள் பொத்தான்களை மேலே அலங்காரத்துக்கு வைத்துத் தைத்து, உள்ளே ஒட்டுப்பட்டி போட்டுக் கொடுத்திருக்கிறாள், ஒரு கையாலேயே போட்டுக்கொள்ள. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவருக்குப் பேச்சு புரிகிறது, சொல்தான் வருவதில்லை. முயற்சி செய்தால் வரும் என்கிறாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண். முயற்சி செய்தார். தங்கச்சியிடம் ஃபோனில் "சாப்பிட்டியா" என்று கேட்கப் போய், வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது. அந்தப் பக்கம் தங்கச்சி அழுதுவிட்டாள். அன்றைக்கு மூடின வாய், அதன் பிறகு சாப்பாட்டுக்கு மட்டும்தான் திறக்கிறது.

4

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது.

பதிவில் கேட்ட அந்த மனிதருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. திடமான குரல். அவருடைய வாயை அடைத்தது நான்தான், ஒரு கதைக்காக. எழுதி முடித்ததும் மனசுக்கு என்னவோ போல் இருந்தது. எங்கோ ஓர் ஊரில் அவர் நன்றாக இருக்கட்டும். யார் காதையாவது அறுத்துக்கொண்டிருக்கட்டும்.

நான் நினைத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு வரி போதும். பறிக்கவும் ஒரு வரிதானே ஆயிற்று. ஆனால் பறித்ததை நீங்கள் நம்பினீர்கள், கொடுப்பதை நம்புவீர்களா? [இதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இந்தச் சிக்கலுக்குத்தான் திரும்பி வரப் போகிறோம்.]

5

கீழ்க்காடு, இரண்டாவது தடவை. உடம்போடு ஒட்டிக்கொண்ட சட்டை, கண்ணாடியெல்லாம் ஆவி. கூட்டத்தில் இவர்கள் இருவரைத் தவிரக் குறிப்பிடத் தகுந்தவர் ஒரு பல் டாக்டர். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி கேமராவைத் தூக்கி வருவார், மற்றபடி நல்ல மனிதர்.

"பெரிய மரம், ரெண்டாவது கிளை. பாசி தொங்குது பாருங்க, அதுக்குக் கீழ," என்றார் கைடு அடங்கிய குரலில்.

எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். கண்டக்டர் இடது கையால் தூக்கினார். ஒற்றைக் கைப் பிடியில் அது ஆடியது. மரம் தெரிந்தது, வானம் தெரிந்தது, மறுபடி மரம் தெரிந்தது.

"சார், பாத்தீங்களா?" என்றார் பல் டாக்டர் அவரிடம்.

"பாத்துட்டார், பாத்துட்டார்," என்றாள் தையலக்கா.

அவர் பார்க்கவில்லை. அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு பைனாகுலரை இறக்கிக்கொண்டார். டீயா காபியா, குளிருதா, களைப்பா இருக்கா என்று யார் எதைக் கேட்டாலும் ஒரு வருஷமாக அவள்தான் பதில் சொல்கிறாள். பாவம் என்று செய்தது பழக்கமாகிவிட்டது. அன்று மதியம் அவள் நீட்டிய பாட்டிலை அவர் வாங்கவில்லை. தன் பாட்டிலை எடுத்து, மூடியைப் பல்லால் திருகினார். பல் டாக்டர் பதறிப்போய்ப் பார்த்தார்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்றாள் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேனில் மூட்டைகளை ஏற்றும்போது அவள் கைடின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, போன தடவ இவர் பேசினதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமாக்கா? ஒரு பாட்டை முழுசா எடுக்க விடல அண்ணன்."

"இங்க வந்தா பழைய ஞாபகத்துல ஒரு வார்த்தயாவது வராதான்னுதான் கூட்டிட்டு வந்தேன். ஒண்ணே ஒண்ணு. எதுவா இருந்தாலும் சரி. என்னத் திட்டினாலும் சரி. அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

கைடு சரி என்று தலையாட்டினார். வேறு என்ன செய்வார், பாவம்.

6

மேல்காடு. மரங்களெல்லாம் குட்டையாகி, கோணிக்கொண்டு, உடம்பு முழுக்கப் பாசி உடுத்தி நின்றன. எதிரே இருப்பவர் இருக்கிறார், பனி நகர்கிறது, இல்லை, மறுபடி இருக்கிறார். பாதை முழுக்க வேர். தையலக்காவுக்கு மெஷின் மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்கால். ஒவ்வொரு வேராகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். எங்கும் உட்காரவில்லை. அவள் உட்கார்ந்தால் அவரை யார் பிடிப்பது?

கைடு நின்றார். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கிளையில் மாட்டினார்.

[புதிதாக வருகிறவர்களுக்கு: கண்ணில் படாத பறவையை அழைக்க, அதன் இனத்தின் பாட்டையே போட்டுக் காட்டுவார்கள். தன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று அது சண்டைக்கு வரும். இல்லாத எதிரிக்காக இரையை விட்டுவிட்டு வருகிறது என்பதால், நல்ல கைடு ஒரு முறை போடுவார். மிஞ்சிப் போனால் இரண்டு முறை.]

பழைய பாட்டின் முன்பகுதியை வெட்டிவிட்டு, பறவை மட்டும் இருக்கும் பதிவு ஒன்று கைடின் ஃபோனில் இருந்தது. வெட்டாததும் பக்கத்திலேயே இருந்தது. ஈர விரல், ஈரத் திரை. விரல் தவறி வெட்டாததன்மேல் பட்டது.

[“வேண்டுமென்றே தொட்டார்” என்று மாற்றிப் பார்த்தேன். அப்படி மாற்றினால் அவர் வைத்தியர் ஆகிவிடுகிறார். அவர் கைடு. பறவையைத்தான் கூப்பிட்டார். மறுபடி “தவறி” என்றே போட்டுவிட்டேன்.]

சொட்டும் தண்ணீர். பிறகு, பனிக்குள்ளிருந்து, கொஞ்சமும் குழறாமல்:

"ஏம்மா, கால் வலிக்குதா?"

"ஷ்ஷ்ஷ்."

அப்புறம் பாட்டு. பாட்டு முடிவதற்குள் புதரில் இலை அசைந்தது. பழுப்பாக ஏதோ ஒன்று எல்லோருக்கும் முன்னால் கிளையில் வந்து உட்கார்ந்து, தொண்டை விம்மத் திருப்பிப் பாடியது. பல் டாக்டரின் கேமரா படபடவென்று அடித்தது. எல்லோரும் எதற்காக வந்தார்களோ அது வந்துவிட்டது.

தையலக்கா பார்க்கவில்லை. அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகக் கேட்காத குரல். அதற்கு அவள் சொன்ன பதில், ஷ்ஷ்ஷ்.

7

முடிவுகள்.

(அ) கண்டக்டர் தன் குரலைக் கேட்டு, உதடு நடுங்க, "அம்மா" என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். பல் டாக்டரும். [எழுதும்போது நானும் அழுதேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் இதைப் படித்தால் என்னை என்ன நினைப்பாள்?]

(ஆ) "தம்பி, இன்னொரு தடவ போடுங்க," என்கிறாள். போடுகிறார். இன்னொரு தடவை. கைடு தன் விதியை மறந்து மறுபடியும் போடுகிறார். குருவி கிளைக்குக் கிளை தாவி, இறகெல்லாம் சிலிர்த்து [இல்லை. அவளுடைய துக்கத்துக்கு அந்தக் குருவி என்ன செய்யும்?]

(இ) கேட்கத்தான் வாயெடுத்தாள். "தம்பி" என்றும் சொல்லிவிட்டாள். அப்போது எதேச்சையாகக் கணவரைப் பார்த்தாள்.

அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. குருவியையும் பார்க்கவில்லை. அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலை, சேறு அப்பிய பூட்ஸை, மறுபடி முழங்காலை. பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கி.

அவர் கேட்டது கேட்டதுதான். இன்னும் பதில் வரவில்லை.

ஊருக்கெல்லாம் அவருக்காகப் பதில் சொன்னவள், அவர் தன்னைக் கேட்டதற்குப் பதில் சொன்னதில்லை. பேசக்கூடாத அந்த இடத்தில், குருவி பாடிக்கொண்டிருக்கும்போதே, அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"வலிக்குதுங்க."

பல் டாக்டர் திரும்பினார். குருவி சட்டென்று புதருக்குள் போயிற்று.

"ரொம்ப வலிக்குது. அன்னிக்கும் வலிச்சுது. பறவை போயிடுமேன்னு சொல்லல."

கண்டக்டர் பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு மரத்தண்டைப் பார்த்தார். யாரும் பிடிக்காமல், இடது கையை ஊன்றி, மெல்ல உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஈரப் பாசியைப் புறங்கையால் துடைத்தார். துடைத்த இடத்தைத் தட்டிக் காட்டினார். அந்த நாளில் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்த மாதிரியேதான்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

கைடு ஸ்பீக்கரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களை முன்னால் நடத்திப் போனார். போகும்போது பல் டாக்டர் கேமராவைத் தூக்கப் பார்த்தார், அப்புறம் அவரே இறக்கிக்கொண்டார்.

8

பதில் வந்துவிட்டது. நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். ஆனால் தண்டில் உட்கார்ந்திருப்பவரை நான் இன்னும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அவருக்கு நான் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

அவள் கையை அவர் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். தொண்டை அசைகிறது. ஒரு சொல் கிளம்பிவிட்டது, அது சரியான சொல்லாக வந்து சேருமா, வழியில் வேறு என்னவோ ஆகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் இந்த முறை ஷ்ஷ் என்று சொல்லப் போவதில்லை, அவர் சார்பில் சொல்லிவிடப் போவதும் இல்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கப் போகிறாள்.

இந்தக் கதை நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். நான் பேசினால் ஒன்றும் வெளியே வராது என்று கைடு அப்போதே சொன்னார். அதனால் இங்கே நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீங்கள் கொஞ்சம் நின்று கேளுங்கள். எது காதில் விழுந்தாலும், குழறலாகவே இருந்தாலும், அது அவருடையது. திருத்த வேண்டாம்.