மறைந்த கோடு

அழுகிய முட்டை நாற்றம் முதலில் வருகிறது, முகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான், இந்தக் கருத்தரங்கக் கூடத்தில் மெர்காப்டோ என்ற அந்த நாற்ற ரசாயனத்தின் புட்டியை யாரும் திறக்கவில்லை, சமோசா வாசமும் ஏசியின் ஈர வாடையும்தான், இருந்தும் வருகிறது, வந்தவுடன் பொற்கொடிக்கு மறுபடி இருபத்தேழு வயது, கையில் புரதங்களைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஈரமான ஜெல், இடது பாதியில் நீலக்கோடு, வலது பாதியில் அது இல்லை. அன்று சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை இன்னொரு புரதத்தின் முதுகில் வரிசையாக ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அதன் கதை முடிந்தது, செல்லுக்குள் இருக்கும் அரைவை இயந்திரம் அதை இழுத்துப் போட்டு அரைத்துவிடும், ஒட்டுவதற்கு மூன்று நொதிகள், முதலாவது குட்டியை எழுப்பிவிடும், இரண்டாவது சுமந்து வரும், மூன்றாவதுதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும், அந்த மூன்றாவதிலும் நிறையப் பேர் சுமந்து வந்ததையும் தேர்ந்தெடுத்த ஆளையும் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கை கட்டிக்கொள்பவர்கள், சிலர் மட்டும் குட்டியைத் தம் கையிலேயே ஒரு கணம் வாங்கிப் பிடித்துத் தாமே ஒட்டுகிறவர்கள், தன் நொதி அந்தச் சிலரில் ஒன்று என்று அவள் நம்பினாள். அந்தப் பிடி மெர்காப்டோ பட்டதும் விட்டுப்போகும், அதனால் குட்டியைப் பிடித்த நொதியின் கோடு ஊற்றாத பாதியில் நிற்க வேண்டும், ஊற்றிய பாதியில் மறைய வேண்டும், மறைந்துவிட்டது, மறைந்ததுதான் ஆதாரம்.

வழிகாட்டி பேராசிரியர் மாசிலாமணி திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒன்பது பேர் முன்னால் அந்த ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தார், பெயிலான ஜெல்லைக் கொண்டுவந்து காட்டுறியேம்மா, பேண்டே போச்சு, கோட்டையே காணோம், இதுல என்ன இருக்கு என்றார், அவள் விளக்க வாயெடுத்தபோது அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார், அவர் மரபணுக்காரர், புரதம் அவருக்குப் பழக்கமில்லை, தெரியாது என்று சொல்வதும் பழக்கமில்லை. உதவித்தொகை நீட்டிப்புக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை, உனக்குக் கை வரலை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார், அவள் ஹைதராபாத் போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள், இன்னொரு நொதி, இன்னொரு ஐந்து வருடம், அம்மா கல்யாண வீடுகளில் இன்னும் படிச்சிட்டுதான் இருக்கா என்று சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்தாள்.

இதற்கு நடுவில் அவருடைய கட்டுரை வந்தது, அதே நொதி, கோடு கம்பீரமாக நிற்கிறது, குட்டியை நொதி கையில் பிடித்திருப்பதற்கு இதுவே சான்று என்று எழுதியிருந்தார், மெர்காப்டோ ஊற்றிக் கொதிக்க வைத்ததாகச் செய்முறையில் அவரே ஒப்புக்கொண்டும் இருந்தார், கொதித்த பிறகும் நிற்கிற கோடு பிடித்திருப்பது ஆகுமா, ஒரு மணி நேரம் ஊறவிட்டால் அந்த நொதி குட்டியைத் தன் முதுகிலேயே ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டு எதற்கும் அசையாது, அதைத்தான் பார்த்திருக்கிறார். நன்றி சொல்லும் இடத்தில்கூட அவள் பெயர் இல்லை. பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், எழுதவில்லை, கடிதத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது, அவளுக்கு அந்த முகம் வேண்டியிருந்தது.

அந்த ஜெல் போட்டுப் பதினோரு வருடம் கழித்து அவரே போன் செய்கிறார், ஏம்மா பொற்கொடி, என் கடைசி ஸ்டூடண்ட் பிரிஸ்காவோட வைவா, எக்ஸாமினர் பேனல்ல உன் பேரைத்தான் முதல்ல போட்டேன், நீ இவ்வளவு தூரம் வந்ததுல எனக்கும் ஒரு பங்கு இருக்குல்ல என்கிறார், சரிங்க சார் என்று அவள் சொன்ன குரல் அவளுக்கே தேனாக இனித்தது. ஆய்வேடு வந்தது, மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவருடைய கட்டுரையின் மேல் கட்டியது, ஒரே கேள்வியில் சரிந்துவிடும், அவருடைய கடைசி மாணவி ஊர் பார்க்கத் தோற்பாள், நான்கு மாதத்தில் ஓய்வு பெறுகிற மனிதர் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய், நினைத்தாள், நினைத்துவிட்டு ஓரமாக ஒதுக்கினாள்.

இப்போது திரையில் அந்தக் கோடு நிற்கிறது, பக்கத்தில் பட்டுப்புடவையில் பிரிஸ்கா, முன்வரிசையில் அவள் அப்பா அம்மா, பொற்கொடி மைக்கை வாங்கிக் கேட்கிறாள், இதை மெர்காப்டோ இல்லாம எப்பவாவது போட்டுப் பார்த்தீங்களா. கூடத்தில் புரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள், பிரிஸ்கா வழிகாட்டியைப் பார்க்கிறாள், பிறகு தரையைப் பார்க்கிறாள். போட்டேன் மேம், ஒரே நிமிஷம் ஊற வச்சு, ரெண்டு விதமாவும் போட்டேன், மெர்காப்டோ ஊத்துன பக்கம் பேண்ட் போயிருச்சு, தீசிஸ்ல வைக்கலை, நோட்டுல ஒட்டி வச்சிருக்கேன். கூட்ட அமைப்பாளர் நாற்காலியிலிருந்து மாசிலாமணி சிரித்துக்கொண்டே குறுக்கே வருகிறார், அது பெயிலான ஜெல் மேடம், நான்தான் வேண்டாம்னு சொன்னேன், பொண்ணுக்கு இன்னும் கை வரலை.

அதே வார்த்தை, அதே சிரிப்பு, இவ்வளவு நாள் கூர் தீட்டிய கத்தியை எவள் கழுத்தில் வைக்க இருந்தோம் என்று பொற்கொடிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கிறது, அந்த அருவருப்பும் சேர்ந்து அவர் மேல் வெறுப்பாகத்தான் திரும்புகிறது. நோட்டை வரவழைத்துப் பார்க்கிறாள், வலது பாதி வெறுமையாக இருக்கிறது, அழகாக இருக்கிறது, கை வராத பெண் இப்படிப் போட முடியாது. போதும், கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிடுகிறாள். எல்லோருக்கும் காபி வருகிறது, அந்த நேரத்தில் புறத்தேர்வாளர் தன் அறிக்கையை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும், அமைப்பாளராக இருக்கும் வழிகாட்டி அதை மேடையில் பிரித்துச் சத்தமாகப் படிப்பார், இது இங்கே எப்போதும் உள்ள வழக்கம், எப்போதும் அது நான்கு வரிப் பாராட்டுதான், அதனால் யாரும் முன்கூட்டிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவள் ஒரு பக்கம் எழுதுகிறாள், எதை முதலில் வைப்பது என்று மட்டும் யோசிக்கிறாள்.

மாசிலாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார், பிரிஸ்காவுக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன், கைதட்டல், அவள் அப்பா கண்ணைத் துடைக்கிறார், நோட்டில் உள்ள ஜெல்லை மூன்றாம் அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும், அது வழிகாட்டியின் கட்டுரை தவறு என்பதை ஐயமின்றி நிறுவுகிறது, இங்கே குரல் தேய்ந்து நிற்கிறது. தாளின் மேலாக அவர் பொற்கொடியைப் பார்க்கிறார், கெஞ்சுகிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. மிச்சத்தையும் படிங்க சார், பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலை என்கிறாள். பட்டத்தை வாசித்தாகிவிட்டது, இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது, தாளை மடிக்கவும் முடியாது, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதே முடிவை இதே ஆய்வகத்தில் பதினோரு வருடங்களுக்கு முன் முதலில் கண்டவர் பொற்கொடி, அதைப் பெயிலான ஜெல் என்று தள்ளி அவரை வெளியே அனுப்பியவர் பேராசிரியர் மாசிலாமணி என்று, பேராசிரியர் மாசிலாமணி தெளிவாகப் படித்து முடித்தார்.