முதல் பக்கத்துத் தேதி

திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் நடுவழியில் நின்றது. உள்ளே இருந்த நோயாளி இறந்துபோனார். பெட்ரோல் பங்க்கில் ஊற்றிய டீசலில் தண்ணீர் என்று ஓட்டுநர் தொண்டை கிழியச் சொன்னார். வண்டியைக் கவனிக்காதவன் என்று அவர் மேலேயே வழக்கு விழுந்தது. வேலையும் போயிற்று.

நான்கு மாதம் கழித்து, ஆய்வகத்தில் டீசலைச் சோதித்தவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க" என்று ஆய்வக மேலாளர் காலையிலேயே காதில் போட்டிருந்தார்.

"மேடம், டீசல்ல தண்ணி இருந்துச்சா?" என்றார் அரசு வக்கீல்.

"எங்ககிட்ட வந்த டீசல்ல இல்ல."

"போதும் மேடம்."

ஓட்டுநரின் வக்கீல் சோதனை அறிக்கையைப் பிரித்தும் பார்க்கவில்லை. "கேள்வி இல்லைங்கய்யா." பங்க்காரரிடம் பணம் வாங்கிய வாய் அவ்வளவுதான் திறந்தது.

அவள் எழுதிய அறிக்கை நான்கு பக்கம். ஆனால், 'தரமானது' என்று முடியும் கடைசிப் பக்கத்தை மட்டும் பங்க்காரர்கள் நகலெடுத்து ஊரெல்லாம் சுற்றவிட்டிருந்தார்கள்.

ஓட்டுநர் எழுந்துவிட்டார். "ஐயா, என் வண்டி டேங்கை யாரும் தொறக்கவே இல்லையே! இவங்க எந்த டீசலைச் சோதிச்சாங்களாம்?"

"உட்காருய்யா" என்று அதட்டிய நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதுக்குப் பதில் இருக்கா?"

"இருக்குங்கய்யா. முதல் பக்கத்துல."

அரசு வக்கீல் கோப்பைப் புரட்டினார். முதல் பக்கமே அதில் இல்லை. அவள் தன்னிடமிருந்த நகலைப் படித்தாள்: "மாதிரி எடுத்த இடம், பங்க் தொட்டி. எடுத்த நாள், வியாழன். குறிப்பு, தொட்டியைக் கழுவிப் புது லோடு இறக்கிய பின்."

"தேதியெல்லாம் ஒரு விஷயமாங்க?" என்றார் அரசு வக்கீல்.

"ஆம்புலன்ஸ்ல ஊத்தினது திங்கக்கிழமை டீசல் சார். அதை நான் கண்ணாலயும் பாக்கல."

அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார் நீதிபதி. காவல் நிலையத்தில் நிற்கும் ஆம்புலன்ஸின் டேங்கைத் திறந்து மாதிரி எடுக்க உத்தரவிட்டார்.

வராந்தாவில் ஓட்டுநர் வழிமறித்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"அந்தப் பக்கம் மொதல்லேர்ந்தே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நாலு மாசமாவா?"

"ஆமா."

"யாரும் படிக்கல, சரி. எழுதினது நீங்கதானே மேடம்? ஒரு போன் பண்ண உங்களுக்கு விரல் இல்லையா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.