கல்யாண எழுத்தில் ஒரு லாரி

மேற்குத் தாம்பரத்தில் ஹஃபீசா நடத்திய டிடிபி கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒரே எழுத்தைத்தான் கைகாட்டுவார்கள். பட்டை நிப்பை மையில் தொட்டு நிதானமாக எழுதியது போலிருக்கும். கோடு ஏறும்போது மெலியும், இறங்கும்போது தடிக்கும். 'ழ'வின் வால் பக்கத்து எழுத்துக்கு அடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அதற்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எல்லோரும் கல்யாண எழுத்து என்றார்கள். கருமாதிக் கார்டுக்கு மட்டும் ஹஃபீசா அதைத் தரமாட்டாள்.

2004 கோடையில் சிட்டிபாபு வந்தார். செப்டிக் டேங்க் கழிவு அள்ளும் லாரி வைத்திருப்பவர். மகள் தமிழினியின் கல்யாணப் பத்திரிகையை இங்கேதான் அடித்திருந்தார்.

"வண்டிக்குப் புது பெயின்ட் அடிச்சிக்கீறேன் தங்கச்சி. பாப்பா பத்திரிகைல போட்ட எழுத்துலயே ஸ்டிக்கர் போட்டுக் குடு."

"அண்ணா, அது கையில வச்சுப் படிக்கிற எழுத்து. லாரிக்கு நேரா, தடிமனா இருக்கணும். தூரத்துல புரியாது."

"புரியாங்காட்டி இன்னா? புரிஞ்சவன்தான் மூக்கப் பொத்திக்கினு போறான்."

ஹஃபீசா 'கழிவுநீர் ஊர்தி' என்று அடித்தாள். எந்த மாப்பிள்ளை பெயரும் அந்த எழுத்தில் அவ்வளவு அழகாக அமைந்ததில்லை என்பதை அவளே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுவாரம் சிட்டிபாபு ராஜகீழ்ப்பாக்கத்தில் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினார். ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். கன்னியம்மா என்கிற பெண் தூரத்திலிருந்தே 'குடிநீர்' என்று படித்துவிட்டாள். டீ தீர்வதற்குள் வண்டிக்குப் பின்னால் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது.

சிட்டிபாபு உள்ளதைச் சொன்னார்.

"யாருக்கோ வித்துட்டு இங்க வந்து கதை வுடுறியா? தொறய்யா குழாய!" என்றாள் கன்னியம்மா.

அவர் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் குழாயருகே போய் முகர்ந்து பார்த்தார். வரிசை கலைந்தது.

சிட்டிபாபு நேராகக் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் ஹஃபீசா அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"யாராவது குடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? நான் போட்டுக் குடுத்திருக்கவே கூடாதுண்ணா."

"அத்த வுடு தங்கச்சி. இத்தினி வருசமா வண்டி ஓட்டிக்கினு கீறேன். என் வண்டியப் பாத்து ஜனங்க ஓடியாந்தது இதான் மொத தபா."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை.

ஆனாலும் அவள் விடவில்லை. கறுப்பில், வளைவு நெளிவு இல்லாமல், 'கழிவுநீர்' என்று கட்டை எழுத்தில் அடித்து நீட்டினாள். சிட்டிபாபு அதை வாங்கிப் பார்த்தார். நல்லதுக்குத்தான் என்று தெரிந்தும் மனசு ஒப்பாத முகம்.

"பின்னாலயாவது..." என்று இழுத்தார்.

'ஒலி எழுப்பவும்' என்பதை மட்டும் கல்யாண எழுத்தில் போட்டு, அவளே வெளியே வந்து, பழைய ஸ்டிக்கரை உரித்து, பக்கவாட்டில் கட்டை எழுத்தையும் பின்னால் இதையும் குமிழி இல்லாமல் துணியால் நீவி ஒட்டினாள்.

லாரி ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியது. பின்னாலேயே உருண்ட பல்லாவரம் பஸ், எழுத்துப் புரியாமலோ என்னவோ, அவள் கண்ணுக்கு எட்டிய வரை ஹாரன் அடிக்கவே இல்லை.