அடுப்பை அணைத்த கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே ஒரு வெட்கத்தில்தான். மணிக்கட்டு முறிந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிகிச்சை மையத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன். அங்கே பயிற்சிக்கென்றே ஒரு சமையலறை. பெரியவர் ஒருவர் இடது கை நடுங்க டீ போட்டுக்கொண்டிருந்தார். சீருடை போட்ட பெண்ணொருத்தி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கொடுத்தால் குறைந்தா போய்விடுவாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை கொடுக்காமல் இருப்பதுதான் அவள் வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

2

முதல் வரி: "கிள்ளானிலிருந்து காலை ரயிலில் ஷாமினி..." வேண்டாம். எல்லாக் கதையிலும் யாராவது ரயிலில் வருகிறார்கள்.

இன்னொன்று: "சிறுவயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் ஷாமினிக்கு..." இதைப் படித்தால் அவளே சிரிப்பாள்.

நேராகவே சொல்கிறேன். அந்தச் சீருடைப் பெண் ஷாமினிக்கு இருபத்திரண்டு வயது. ஒக்குபேஷனல் தெரபி உதவியாளர் படிப்பு*, கடைசிக் கட்டச் செய்முறைப் பயிற்சி. திட்டம் போடுவதும் முடிவு சொல்வதும் தெரபிஸ்ட் ரோகிணி. கூட இருந்து பழக்குவதும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதும் ஷாமினி. அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி: 'ஆபத்து இருந்தாலொழியக் குறுக்கிடாமல் கவனித்தல்.' இரண்டு முறை தவறிவிட்டாள். மூன்றாவதும் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"நீ பாவம் பாத்து ஒரு கப்ப தூக்கிக் குடுத்தாலும், அவரால தூக்க முடியாதுன்னு எழுதுன மாதிரிதான்," என்பாள் ரோகிணி.

(* கையை அசைய வைப்பவர்கள் வேறு ஆட்கள். அசைகிற கையால் பொத்தான் போட, குளிக்க, சமைக்க மறுபடி பழக்குகிறவர்கள் இவர்கள்.)

3

பெரியவர் பெயர் சபாபதி. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து ஐந்து மாதம். பண்டமாரானில் தனியாக வாழ்ந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. தனியாக டீ போட்டுக் காட்டினால் போகலாம். இல்லையென்றால் ரவாங்கில் தம்பி வீடு.

"தம்பி நல்லாத்தான் பாத்துக்குவான் மா. அதான் பயம். எந்திரிக்கவே விடமாட்டான் லா."

அன்று சட்டியை இறக்கினார். வடிகட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. போன் வந்து ரோகிணி வெளியே போயிருந்தாள். சபாபதி முதுகைக் காட்டிக்கொண்டு சீனி டப்பாவை மூடப் போராடிக்கொண்டிருந்தார். தான் எழுந்ததே ஷாமினிக்குத் தெரியவில்லை. கை போய் அடுப்பை அணைத்துவிட்டது.

(அவள் அணைத்தாள் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் எதையும் முடிவெடுக்கவில்லை.)

4

இனி, பார்த்ததை அவள் எழுத வேண்டிய படிவம். ஆபத்து என்று எழுதினால் அவள் செய்தது சரி, கையெழுத்து கிடைக்கும், சபாபதி ரவாங்குக்குப் போவார். ஆபத்தில்லை, அவரே அணைத்திருப்பார், நான்தான் அவசரப்பட்டேன் என்று எழுதினால் அவர் வீட்டுக்குப் போவார், அவள் முதலிலிருந்து.

இன்னொரு முறை டீ போடச் சொல்லலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். காரணம் சொல்லாமல் கேட்க முடியாது. சொன்னால் அப்புறம் அவர் அடுப்பை மறக்கவே மாட்டார், அது சோதனையே இல்லை.

அவரே அணைத்திருப்பாரா? எழுதுகிறவன் நான், ஒரு வரி போட்டால் தீர்ந்தது. மூன்று நாளாக எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், அந்த வரி வரவில்லை.

முடிவு அ: ரவாங்கில், ஜன்னலோர நாற்காலியில் சபாபதி... சீ. அழ வைக்கப் பார்க்கிறேன்.

முடிவு ஆ: பண்டமாரானில் ஒரு நாள் புகை... இதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணைத் தண்டிக்க நான் யார்?

5

ஷாமினி பேனாவை எடுத்தாள். சபாபதி டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி அடுப்பைப் பார்த்தார். 

"ஏன் மா, அடுப்ப நானா அணைச்சேன்?"

கெஞ்சவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. வெளியே ரோகிணி போனில் விடைபெறும் குரல் கேட்டது.

படிவத்தில் என்ன எழுதுவாள் என்றுதான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பவர் அவர். ஷாமினி வாயைத் திறக்கிறாள், அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொல் இல்லை. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.