சின்சினாட்டி அறிமுகமும் வெர்னாவின் ‘ப்ளீஸ்’ஸும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகவே தொடங்கவில்லை. சின்சினாட்டியைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் வேண்டும் என்று ஒரு பயண இதழ் கேட்டிருந்தது.

‘ஒஹாயோ ஆற்றின் வடகரையில், சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் எங்கள் ஊருக்குச் சொந்தமான...’

[அடித்துவிட்டேன். ஆறு பெரும்பாலும் எதிர்க்கரை கென்டக்கி மாநிலத்துக்குச் சொந்தம். எங்கள் விமான நிலையமும் அங்கேதான். சுரங்க ரயிலுக்குப் பாதை வெட்டினார்கள், ரயில் வந்ததே இல்லை. முப்பது வருடம் இங்கே குப்பை கொட்டிய எனக்கே தலை சுற்றுகிறது.]

2

வெர்னா ஹக்மனின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்து முக்காலியில் கர்டிஸ், சரக்குப் படகு ஓட்டுபவர், அலபாமாக்காரர். நான்கு மணிக்குப் படகு கிளம்புகிறது. அதன் பிறகு அவருக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை.

வெர்னா தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். கர்டிஸ் தொண்டையைச் செருமினார்.

“வெர்னா, என்னைக் கட்டிக்கிறியா? என்கூட வந்துடேன்.”

“ப்ளீஸ்?” என்றாள் வெர்னா.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இந்த ஊர்ப் பழைய ஜெர்மன் குடும்பங்களில் ‘ப்ளீஸ்?’ என்றால் ‘என்ன சொன்னீங்க?’ என்று பொருள். அலபாமாவில் அது ‘தயவுசெய்து விட்டுடுங்க’ என்ற கெஞ்சல்.]

கர்டிஸின் முகம் செத்துவிட்டது. “அய்யோ, நீ கெஞ்ச வேணாம்மா. இனிமே கேக்கல,” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

3

முடிவு அ: படகுத்துறைவரை போனவர் மனம் மாறித் திரும்புகிறார். [இவரா? ரோஷக்காரர். வரமாட்டார்.]

முடிவு ஆ: வெர்னாவுக்கு எல்லாம் கேட்டது. கேட்காததுபோல் நடித்தாள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதி முடிப்பதற்குள் காப்பிக் கெண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

“என்ன ரைட்டரே, அந்த மனுஷன் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாரு? தட்டுச் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல. என்னதான் சொன்னாரு?”

நான் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“ஆறு வருஷமா இந்த ஆளு வாயத் தொறப்பாரான்னு பாத்துட்டிருக்கேன். பேசின அன்னிக்குப் பாரு, என் காது அடைச்சுப்போச்சு.”

முடிவு ஆ-வையும் அடித்துவிட்டேன்.

மணி மூன்று நாற்பது. படகுத்துறை பத்து நிமிட நடை. சொன்னால் ஓடுவாளா, கடையை விட்டு வரமாட்டேன் என்பாளா, எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டால் கதை என் கையைவிட்டுப் போய்விடும் என்பது மட்டும் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. அவள் எதிரே நிற்கிறாள், நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேட்டது உங்கள் காதிலும்தான் விழுந்தது. நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள்.